அடைகல்லாய் நிற்கும் இல்லம்: அருளாளர் கர்தினால் வோன் காலென்

ஆண்டுதோறும் பள்ளிச் சேர்க்கை தொடங்கும் நாள்களில் நம் பங்கு அலுவலகங்களின் வாசலில் பெற்றோர் காத்து நிற்பதைக் காண்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்ற பரபரப்பு அவர்கள் முகத்தில் தெரிகிறது. எந்தப் பள்ளி, என்ன கட்டணம், எந்தப் பாடத்திட்டம் என்றெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் ஒரு பிள்ளையை வளர்க்கும் பொறுப்பைக் கடவுள் முதலில் யாரிடம் ஒப்படைத்தார் என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

இக்கேள்விக்குத் திருச்சபை தரும் விடை தெளிவானது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே. இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரத்தில், தம் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு இறைவன் பெற்றோரிடமே சொல்கிறார். இறைமகனாகிய இயேசுவும் நாசரேத்தில் ஒரு வீட்டில், ஒரு தாய்க்கும் வளர்ப்புத் தந்தைக்கும் பணிந்து வளர்ந்தார். இந்த உரிமையை எந்த அரசும் பெற்றோருக்கு வழங்கவில்லை. ஆகவே எந்த அரசும் அதைப் பறித்துக்கொள்ளவும் முடியாது.

இவ்வாறு சொல்வது இன்று நமக்கு எளிது. ஆனால் இதைச் சொன்னதற்காகவே மக்கள் சிறைக்குச் சென்ற காலமும் இருந்தது. அக்காலத்தில் செர்மனியின் மியூன்ஸ்டர் மறைமாவட்டத்தில் ஆயராக இருந்து, பெற்றோரின் பக்கம் நின்றவர் அருளாளர் கிளமென்ஸ் ஆகஸ்ட் வோன் காலென். அவரது வாழ்வை இச்சிந்தனையில் நாம் திரும்பிப் பார்ப்போம்.

பதின்மூன்று பிள்ளைகள் வளர்ந்த வீடு

கிளமென்ஸ் ஆகஸ்ட் 1878ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வடமேற்கு செர்மனியில் ஓல்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த டிங்க்லாகே என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஃபெர்டினாண்ட், தாய் எலிசபெத். இருவரும் பழைமையான பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பதினொன்றாமவர். தொழிலாளர்களின் ஆயர் என்று வரலாறு போற்றும் மாயின்ஸ் ஆயர் கெட்டலர் இக்குடும்பத்தின் உறவினரே.

பிரபுக்களின் கோட்டை என்றதும் நாம் செல்வச் செழிப்பைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அந்தக் கோட்டையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கடுங்குளிரிலும் பெரும்பாலான அறைகளில் கணப்பு கிடையாது. அன்றாடத் திருப்பலி, குடும்ப செபம், ஒழுங்கு, ஏழைகள்மேல் அக்கறை ஆகியவையே அவ்வீட்டின் செல்வங்கள். தந்தை செர்மானிய நாடாளுமன்றத்தில் கத்தோலிக்கரின் மையக் கட்சி உறுப்பினர். 1877ஆம் ஆண்டில் தொழிலாளர் பாதுகாப்புக்காக அவர் முன்வைத்த தீர்மானம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நம்பிக்கையும் நீதியும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தந்தையின் வாழ்விலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

அக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1870களில் பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையை அரசின் பிடிக்குள் கொண்டுவர முயன்றார். 1872ஆம் ஆண்டில் பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்பு திருச்சபையிடமிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் இயேசு சபையினர் செர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மியூன்ஸ்டர் ஆயர் பிரிங்க்மன் 1875 முதல் 1884 வரை நாடு கடந்து வாழ நேர்ந்தது. தம் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்ற கேள்வி அன்றைய கத்தோலிக்கப் பெற்றோருக்கு மிகப் பெரிய கேள்வியாக இருந்தது.

கிளமென்ஸின் பெற்றோர் அதற்கு ஒரு விடை கண்டார்கள். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே கொடுத்தார்கள். பின்னர் 1890ஆம் ஆண்டில், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ச் நகரில் இயேசு சபையினர் நடத்திய விடுதிப் பள்ளிக்கு, கிளமென்ஸையும் அவருக்கு மிக நெருங்கிய சகோதரர் ஃபிரான்ஸையும் அனுப்பினார்கள். அங்கே கண்டிப்பு அதிகம். கிளமென்ஸோ பிடிவாதக்காரர். தன்மீது தவறு இருப்பதாக இச்சிறுவன் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை, தவறெல்லாம் ஆசிரியர்களுடையதே என்று நினைக்கிறான் என்று ஆசிரியர் ஒருவர் தாய்க்கு எழுதினாராம். பிடிவாதக்காரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். அந்தப் பிடிவாதமே பின்னொரு நாள் கடவுளின் கையில் நல்ல கருவியாயிற்று.

அந்த இயேசு சபைப் பள்ளியின் சான்றிதழை அரசு ஏற்காததால், சகோதரர் இருவரும் ஊர் திரும்பி, வெக்டா நகரின் அரசுப் பள்ளியில் படித்து, 1896ஆம் ஆண்டில் இறுதித் தேர்வு எழுதினார்கள். பெற்றோர் தேர்ந்தெடுத்த கல்விக்கு அரசின் அங்கீகாரம் மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதைக் கிளமென்ஸ் பதின்ம வயதிலேயே அனுபவித்து அறிந்திருந்தார்.

பங்குத்தந்தையாக, ஆயராக

1898ஆம் ஆண்டில் சகோதரருடன் உரோமைக்குச் சென்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயரைச் சந்தித்த கிளமென்ஸ், குருவாக முடிவெடுத்தார். 1904ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மியூன்ஸ்டரில் குருவாக அருள்பொழிவு பெற்றார். 1906ஆம் ஆண்டில் பெர்லின் மாநகருக்கு அனுப்பப்பட்டு, 23 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். முதல் உலகப் போரையும், அதன்பின் வந்த பசியையும், பணத்தின் மதிப்பு சரிந்ததையும் தம் பங்கு மக்களோடு சேர்ந்தே கண்டார். வேலை தேடி ஊர்விட்டு வந்த இளம் தொழிலாளர்களுக்குத் தந்தையாக இருந்தார். 1929ஆம் ஆண்டில் மியூன்ஸ்டர் நகரின் புனித லம்பெர்ட் ஆலயப் பங்குத்தந்தையானார்.

ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், எளிமையான பேச்சு, பெரிய மேடைப் பேச்சாளர் அல்லர். இவரைப் பெரிய தலைவராக அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1933ஆம் ஆண்டு சனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வோன் காலென் மியூன்ஸ்டர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மனிதரின் புகழ்ச்சியும் அச்சுறுத்தலும் தம்மை வழிவிலகச் செய்யாது என்ற பொருள்படும் இலத்தீன் சொற்களைத் தம் விருதுவாக்காகத் தேர்ந்துகொண்டார்.

அவ்வாண்டு சூலை 20ஆம் நாள் திருப்பீடத்துக்கும் செர்மானிய அரசுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளும், பள்ளிகளில் மறைக்கல்வியும் பாதுகாக்கப்படும் என்று அதில் அரசு உறுதி தந்திருந்தது. ஆனால் அந்த மை உலர்வதற்கு முன்பே மீறல்கள் தொடங்கின. மறைக்கல்வி வகுப்பில் இஸ்ரயேல் மக்களை ஒழுக்கத்தைக் கெடுக்கும் இனமாகக் காட்ட வேண்டும் என்று மியூன்ஸ்டரின் கல்வி அதிகாரி ஆணையிட்டார். புதிய ஆயர் அதை ஏற்க மறுத்தார். அது உடன்படிக்கைக்கு எதிரானது என்றும், மீட்பு வரலாற்றில் இஸ்ரயேலின் இடத்தையும் எல்லா மனிதரையும் அன்பு செய்யும் கடமையையும் பற்றிப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்றும் எழுதினார். ஆயராக அவர் மேற்கொண்ட முதல் போராட்டங்களுள் ஒன்று வகுப்பறையைப் பற்றியதாகவே இருந்தது.

சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபம்

பெற்றோரின் உரிமை என்பது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல என்பதை 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உலகுக்குக் காட்டியது. ஆயரின் சொந்த மண்ணான ஓல்டன்பர்க் பகுதியில் இது நடந்தது. அப்பகுதியின் தென்பாகத்தில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க உழவர்கள். நவம்பர் 4ஆம் நாள், பள்ளிகள் உள்ளிட்ட பொதுக் கட்டடங்களிலிருந்து சமய அடையாளங்கள் அகற்றப்பட வேண்டும் என்று அங்கிருந்த அமைச்சர் ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்கப் பள்ளிகளின் பாடுபட்ட சுரூபங்களும், லூத்தரன் பள்ளிகளின் லூத்தர் படங்களும் அதில் அடங்கும்.

நாடு முழுவதும் அச்சம் ஆட்சி செய்த காலம் அது. எதிர்க்கட்சிகள் இல்லை, சுதந்திரமான செய்தித்தாள் இல்லை, கேள்வி கேட்டவர்களுக்கு வதைமுகாம் காத்திருந்தது. இருந்தும் அந்த உழவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. ஊர் ஊராகப் பெற்றோர் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு பங்கிலிருந்தும் குழுக்கள் ஓல்டன்பர்க் நகருக்குப் புறப்பட்டு அமைச்சகத்தின் கதவைத் தட்டின. பதவி விலகுவோம் என்று ஊர்த்தலைவர்கள் சிலர் அறிவித்தார்கள். ஹிட்லரின் கட்சியில் உறுப்பினராக இருந்தவர்களே தம் பிள்ளைகளின் வகுப்பறையில் சுரூபம் இருக்க வேண்டும் என்று எதிர்த்து நின்றார்கள்.

நிலைமை கைமீறுவதைக் கண்ட கட்சித் தலைவர் கார்ல் ரோவர், நவம்பர் 25ஆம் நாள் குளோப்பன்பர்க் நகரின் பெரிய மண்டபத்தில் மக்கள் முன் பேச வந்தார். ஏழாயிரம் பேர் அளவில் கூடியிருந்தார்கள். அவர் வேறு ஏதேதோ பேசி மக்களைத் திசைதிருப்பப் பார்த்தார். மக்களோ சிலுவையைப் பற்றிப் பேசும்படி திரும்பத் திரும்பக் குரல் எழுப்பினார்கள். இறுதியில் வேறு வழியின்றி, ஆணை திரும்பப் பெறப்பட்டது, சுரூபங்கள் பள்ளிகளிலேயே இருக்கும் என்று அவர் அறிவித்தார். அந்தச் சர்வாதிகார ஆட்சி மக்கள் முன்னால் வெளிப்படையாகப் பின்வாங்கிய மிகச் சில நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. ஆயர் வோன் காலென் தம் மக்களின் துணிவுக்காக இறைவனுக்கு நன்றி கூறி மடல் எழுதினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வெற்றியை ஈட்டியவர் ஆயர் மட்டுமல்லர். கலப்பையைப் பிடித்த கையோடு அமைச்சகத்துக்குச் சென்ற தந்தையரும், வீட்டில் செபமாலை சொல்லிக் காத்திருந்த தாய்மாருமே இதை ஈட்டினார்கள். மேய்ப்பர் மக்களுக்குத் துணிவு தந்தார், மக்கள் மேய்ப்பருக்குத் துணிவு தந்தார்கள்.

தோல்வியும் தொடர்ந்தது

ஆனால் இது கதையின் முடிவு அல்ல. குளோப்பன்பர்க் கூட்டம் நடந்து ஆறே நாள்களில், 1936 டிசம்பர் 1ஆம் நாள், செர்மனியின் இளையோர் அனைவரும் ஹிட்லர் இளைஞர் படைக்குள் வளர்க்கப்பட வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1939 மார்ச் மாதம் அதில் சேர்வது கட்டாயமாயிற்று. கத்தோலிக்க இளையோர் சங்கங்கள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. அரசுப் பணியில் இருந்த தந்தையர், பிள்ளையைப் படையில் சேர்க்காவிட்டால் வேலை போகும் என்று அஞ்சினார்கள். ஞாயிறு காலையில் அணிவகுப்பும் முகாமும் வைக்கப்பட்டதால் பிள்ளைகள் திருப்பலிக்கு வரமுடியவில்லை. வீட்டில் பெற்றோர் பேசுவதை வெளியே சொல்லும்படியும் சில பிள்ளைகள் பழக்கப்படுத்தப்பட்டார்கள்.

1937 சனவரியில் வோன் காலென் உட்பட செர்மனியின் ஆயர்கள் ஐவர் உரோமையில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதரைச் சந்தித்தார்கள். இதே திருத்தந்தை 1929 டிசம்பர் 31ஆம் நாள் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஒரு சுற்றுமடல் எழுதி, பிள்ளைகளைக் கற்பிக்கும் பெற்றோரின் உரிமை அரசின் உரிமைக்கு முற்பட்டது என்று விளக்கியிருந்தார். இப்போது செர்மனிக்கென்றே இன்னொரு சுற்றுமடல் எழுதினார். அது இரகசியமாகக் கொண்டுவரப்பட்டு, 1937 மார்ச் 21ஆம் நாள் குருத்து ஞாயிறன்று எல்லாப் பங்குகளிலும் வாசிக்கப்பட்டது. அச்சுறுத்தலின் நடுவே பெற்றோரிடம் பெறப்படும் பள்ளிச் சேர்க்கைக் கையெழுத்துகளுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று திருத்தந்தை அதில் அறிவித்தார். வோன் காலென் தம் மறைமாவட்டத்தில் மட்டும் அதை 1,20,000 படிகள் அச்சிட்டுப் பரப்பினார்.

ஆட்சியாளர்கள் பழிவாங்கினார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் படிப்படியாக ஒழிக்கப்பட்டன. ஓல்டன்பர்க்கில் பாடுபட்ட சுரூபத்தைக் காத்த பெற்றோரும் 1938ஆம் ஆண்டில் தம் கத்தோலிக்கப் பள்ளிகளை இழந்தார்கள். அங்கே ஆயரின் பதிலாளாக இருந்த ஃபிரான்ஸ் ஃபோர்வெர்க் அவ்வாண்டில் அப்பகுதியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். சுவரில் சுரூபத்தைக் காப்பாற்றியவர்களால் பள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படியானால் அவர்களுடைய போராட்டம் வீணா?

அடைகல் தரும் பாடம்

இக்கேள்விக்கு ஆயர் 1941ஆம் ஆண்டு கோடையில் விடை தந்தார். சூலை 12ஆம் நாள் இயேசு சபையினரின் இல்லங்களைக் காவல்துறை பறிமுதல் செய்தது. மறுநாளே ஆயர் லம்பெர்ட் ஆலயத்தின் மறையுரை மேடையில் ஏறி, எந்த நீதிமன்ற விசாரணையுமின்றிக் குடிமக்களைப் பறித்துச் செல்லும் அநீதியைக் கண்டித்தார். சூலை 20ஆம் நாள், அதாவது உடன்படிக்கை கையெழுத்தான அதே நாளில் எட்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் மறையுரையை நிகழ்த்தினார்.

அதில் அவர் கொல்லன் பட்டறையை உவமையாகக் கூறினார். அடைகல் சுத்தியலைத் திருப்பி அடிப்பதில்லை. அது அசையாமல் உறுதியாக இருந்தாலே போதும். சுத்தியல் எவ்வளவு ஓங்கி அடித்தாலும், பழுக்கக் காய்ச்சிய இரும்பு அடைகல்லாலும் உருப்பெறுகிறது. அடைகல் உறுதியாக இருந்தால் அது சுத்தியலைவிட நெடுநாள் நிலைக்கிறது. நம் பிள்ளைகளே அந்தச் சூடான இரும்பு. வெளியே எத்தனை சுத்தியல்கள் அடித்தாலும், பெற்றோரும் இல்லமும் திருச்சபையும் அடைகல்லாய் நின்றால் பிள்ளை நல்ல உருவம் பெறும். இதுவே அவர் தந்த போதனையின் சாரம். பள்ளி பறிபோகலாம், சங்கம் தடை செய்யப்படலாம். ஆனால் வீட்டை அடைகல்லாக வைத்திருக்கும் உரிமையை எந்தச் சட்டமும் முழுமையாகப் பறிக்க முடியாது.

ஆகஸ்ட் 3ஆம் நாள் மூன்றாம் மறையுரையில், மனநலம் குன்றியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் மருத்துவமனைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்படுவதை ஆயர் பகிரங்கமாக அறிவித்தார். பத்துக் கட்டளைகள் ஒவ்வொன்றும் நாட்டில் எவ்வாறு மீறப்படுகிறது என்று விளக்கிய அவர், நான்காம் கட்டளைக்கு வந்தபோது, இளையோரைப் பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராகப் பறித்துக்கொண்டு பெற்றோரின் அதிகாரத்தை அழிப்பதையும் சுட்டிக்காட்டினார். ஐந்தாம் கட்டளையும் நான்காம் கட்டளையும் அங்கே ஒன்றாகவே மீறப்பட்டன. பிள்ளை அரசின் சொத்து என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், பயனற்றது என்று கருதும் பிள்ளையை அரசு அழிக்கவும் துணியும். தங்கள் பிள்ளை நோயால் இறந்துவிட்டதாகப் பொய்க் கடிதத்தைப் பெற்ற பெற்றோர் பலர் அன்று செர்மனியில் இருந்தார்கள்.

அந்த மறையுரைகள் கையால் எழுதப்பட்டும் தட்டச்சு செய்யப்பட்டும் நாடெங்கும் போர்முனை வரை பரவின. ஆயரைத் தூக்கிலிட வேண்டும் என்றார்கள் கட்சியின் தலைவர்கள் சிலர். அவரைத் தொட்டால் போர்க்காலத்தில் மியூன்ஸ்டர் மக்கள் அனைவரையும் இழக்க நேரும் என்று கோயபல்ஸ் அஞ்சியதால், பழிவாங்கல் போருக்குப் பின் என்று தள்ளிவைக்கப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தக் கொலைத் திட்டத்தை ஹிட்லர் ஆகஸ்ட் 24ஆம் நாள் நிறுத்தச் சொன்னார். ஆயினும் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன, குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். ஆயரைத் தொடாதவர்கள் அவரது குருக்களைத் தொட்டார்கள். அவரது மறையுரைகளைப் பரப்பிய லூபெக் நகரின் மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்களும் லூத்தரன் போதகர் ஒருவரும் 1943 நவம்பர் 10ஆம் நாள் கொல்லப்பட்டார்கள். தமக்காகப் பிறர் துன்புறுவதை எண்ணி ஆயர் மிகவும் வேதனையுற்றார்.

அந்த மறையுரையின் படி ஒன்று உல்ம் நகரில் ஒரு வீட்டின் அஞ்சல் பெட்டியிலும் வந்து விழுந்தது. அது ஷோல் குடும்பத்தாரின் வீடு. தந்தை இராபர்ட் ஷோல் ஹிட்லரை வெறுத்தவர். ஆனால் அவரது பிள்ளைகள் ஹான்சும் சோஃபியும் தந்தையின் சொல்லைக் கேளாமல் ஹிட்லர் இளைஞர் படையில் ஆர்வத்தோடு சேர்ந்திருந்தார்கள். தந்தை வருந்தினார், வாதிட்டார், ஆனால் தம் நிலையிலிருந்து மாறவில்லை. காலம் செல்லச் செல்லப் பிள்ளைகள் உண்மையை உணர்ந்தார்கள். துணிவோடு பேசும் ஒருவர் இருக்கிறார் என்று ஆயரின் மறையுரையைப் படித்து ஹான்ஸ் மனம் நெகிழ்ந்தார். பின்னர் வெள்ளை ரோசா என்ற மாணவர் குழுவின் வழியாக ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கைகள் வெளியிட்டு, 1943 பிப்ரவரி 22ஆம் நாள் அண்ணனும் தங்கையும் உயிர் துறந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அடைகல் என்றால் என்ன என்பதற்கு அந்தத் தந்தை ஒரு சாட்சி. பிள்ளை விலகிச் சென்ற காலத்திலும் வீடு தன் இடத்திலேயே உறுதியாக இருந்தது.

குறையையும் சொல்வோம்

புனிதர்களும் அருளாளர்களும் குறையற்றவர்கள் என்று திருச்சபை சொல்வதில்லை. வோன் காலென் தம் நாட்டை ஆழமாக நேசித்தவர், சோவியத் நாட்டுக்கு எதிரான போரை ஆதரித்தவர். 1938 நவம்பரில் செர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபோது, அவர் மறையுரை மேடையிலிருந்து வெளிப்படையாகக் குரல் கொடுக்கவில்லை. அந்த நாள்களில்தான் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விரட்டப்பட்டார்கள். அவர்களுக்கும் பெற்றோர் இருந்தார்கள்.

இதை நாம் மறைக்கத் தேவையில்லை. மாறாக, இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோரின் உரிமை கடவுள் தந்தது என்றால், அது கத்தோலிக்கப் பெற்றோருக்கு மட்டும் உரியது அல்ல. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், எந்த இனத்தைச் சேர்ந்தவராயினும், ஏழையாயினும் அகதியாயினும் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் அது உண்டு. நம் பிள்ளைகளுக்காக மட்டும் குரல் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை பறிக்கப்படும்போது அமைதியாக இருந்தால், நம் குரல் பாதிக் குரலாகவே இருக்கும்.

விதைத்தது முளைத்தது

1943 அக்டோபர் 10ஆம் நாள் குண்டுவீச்சில் மியூன்ஸ்டர் பேராலயமும் ஆயர் இல்லமும் இடிந்தன. போர் முடிந்தபின் ஆயர், ஆக்கிரமித்திருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடமும் மக்களின் பசிக்காகவும் பாதுகாப்புக்காகவும் அஞ்சாமல் வாதாடினார். 1946 பிப்ரவரி 18ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். மார்ச் 16ஆம் நாள், தம் 68ஆம் பிறந்தநாளில், அவர் மியூன்ஸ்டருக்குத் திரும்பினார். இடிபாடுகளின் நடுவே ஐம்பதாயிரம் பேர் வரவேற்றார்கள். மக்களின் உறுதியே தமக்குக் காவலாக இருந்தது என்று அவர்களுக்கு நன்றி கூறினார். ஆறு நாள்கள் கழித்து, மார்ச் 22ஆம் நாள், குடல்வால் நோயால் இறைவனடி சேர்ந்தார். 2005 அக்டோபர் 9ஆம் நாள் உரோமையில் அருளாளராக அறிவிக்கப்பட்டார். மார்ச் 22 அவரது நினைவு நாள்.

அவர் காத்து நின்ற கருத்து அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமை அறிக்கை, தம் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதைத் தேர்ந்துகொள்ளும் முதல் உரிமை பெற்றோருக்கே உண்டு என்று 26ஆம் பிரிவில் கூறுகிறது. 1949ஆம் ஆண்டில் உருவான செர்மனியின் புதிய அடிப்படைச் சட்டம், பிள்ளைகளைப் பேணி வளர்ப்பது பெற்றோரின் இயற்கை உரிமை என்றும், முதன்மையாக அவர்களைச் சேர்ந்த கடமை என்றும் 6ஆம் பிரிவில் எழுதி வைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்டு, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று போதித்தது. வோன் காலென் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு அன்றோடு 32 ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன.

நமக்கு வரும் கேள்வி

உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை என் சொத்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிள்ளை அரசின் சொத்து அல்ல, பெற்றோரின் சொத்தும் அல்ல. பிள்ளை கடவுளின் கொடை. அடிக்கவும், படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பவும், விருப்பமில்லாத திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தவும் இந்த உரிமை இடம் தருவதில்லை. அத்தகைய இடங்களில் பிள்ளையைக் காப்பது அரசின் கடமை. பள்ளிகள் நடத்துவதும், எல்லாருக்கும் கல்வி கிடைக்கச் செய்வதும் அரசின் நற்பணியே. பெற்றோருக்குத் துணைநிற்பது அரசின் வேலை, பெற்றோரின் இடத்தில் அமர்வது அதன் வேலை அல்ல என்பதே திருச்சபையின் போதனை.

ஓல்டன்பர்க் பெற்றோரிடமிருந்து சர்வாதிகாரிகள் அந்த உரிமையைப் பறிக்க முயன்றார்கள். நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. பல வேளைகளில் நாமே அதைக் கைவிட்டு விடுகிறோம். பாடத்தைத் தனிப்பயிற்சி ஆசிரியர் பார்த்துக்கொள்வார், மறைக்கல்வியை அருட்சகோதரி பார்த்துக்கொள்வார், மீதி நேரத்தைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அன்று அணிவகுப்பு பிள்ளைகளை ஞாயிறு திருப்பலியிலிருந்து பிரித்தது. இன்று ஞாயிறு காலைத் தனிப்பயிற்சிக்கு நாமே பணம் கட்டி அனுப்புகிறோம். வகுப்பறைச் சுவரிலிருந்த சுரூபத்துக்காக அந்த உழவர்கள் வேலையையும் விடுதலையையும் பணயம் வைத்தார்கள். நம் வீட்டுச் சுவரில் சுரூபம் தொங்குகிறது. அதன் முன்னால் குடும்பமாக முழங்காலிட்டு எத்தனை நாள்களாயிற்று?

பெரிய செயல்கள் தேவையில்லை. இரவு உணவுக்கு முன் பத்து நிமிடக் குடும்ப செபம், வாரத்தில் ஒருநாள் பிள்ளையோடு அமர்ந்து அவன் பள்ளியில் என்ன கற்றான் என்று கேட்பது, ஆசிரியரை மாதம் ஒருமுறையாவது சந்திப்பது, தவறான ஒன்று கற்பிக்கப்பட்டால் மரியாதையோடு ஆனால் உறுதியோடு பேசுவது ஆகியவையே அடைகல்லின் உறுதி. சுத்தியலின் ஓசை வெளியே கேட்டுக்கொண்டே இருக்கும். அதை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். அடைகல்லை அதன் இடத்தில் வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நாசரேத்துத் திருக்குடும்பத்தின் பாதுகாப்பில் நம் இல்லங்களை ஒப்படைப்போம். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை நம்மிடம் நம்பித் தந்த இறைவனுக்கு ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதை மறவாதிருப்போம். பெற்றோருக்காகவும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகவும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காகவும் அருளாளர் கிளமென்ஸ் ஆகஸ்ட் வோன் காலென் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.